கம்பத்துக்கு முன்னால் காட்டிய கை

மொலினெத்தோ,
4 பெப்ரவரி 1994

இவானோ,

போனில் பேசினால் நான் இரண்டாவது வார்த்தையில் கத்துவேன், நீ மூன்றாவது வார்த்தையில் வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று சான் பியாஜோ திருநாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பனெத்தோனே கேக்கில் எடுத்துவைத்த துண்டை, தொண்டைக்கு நல்லது என்று எல்லோரும் தின்றோம். உனக்கும் ஒரு துண்டு வைத்திருந்தேன். பழக்கதோஷம். அது கல்லாகக் காய்ந்து கிடந்தது, கோழிக்குப் போட்டேன். கோழியும் யோசித்துத்தான் கொத்தியது.

அந்த மலையூரில் மூக்குக்கண்ணாடி பிரேம் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதையும் ஊரார் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியவேண்டியிருக்கிறது. போன நவம்பருக்கு முந்தின நவம்பரில் கால்வாய்க்கரையில் உன் மச்சான் ரெமோ சைக்கிளிலிருந்து விழுந்தார். அடுத்த பெப்ரவரியில் நீ பெட்டி கட்டினாய். நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். வாசலில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றாய். அப்புறம் உன் முதுகைத்தான் பார்த்தேன்.

அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. இனியும் வராது. அது எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறு. பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்கிறாள், "கை ரெண்டும் எருது மாதிரி இருக்கு அம்மா, மனசுதான் இல்ல." நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து கால்வாயையே பார்க்கிறார். கரையில் சைக்கிள் போனால் திரையை இழுத்துவிடுகிறார். கேட்டால் ஒரே பதில்: "உன் தம்பி கை காட்டல. கை காட்டியிருந்தா நான் இப்ப நடந்துட்டிருப்பேன்."

எங்கள் மிலேனாவுக்கு ஜூனில் கல்யாணம். பையன் நல்லவன், அரிசி ஆலையில் வேலை. நீ அவளுடைய ஞானத்தந்தை. ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தினவன் நீ, உன் புதுச் சட்டையில் அவள் வாந்தி எடுத்தாள். கல்யாணத்தில் நீ நிற்க வேண்டும் என்கிறாள் அவள். ரெமோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஒரே ஒரு வரி எழுது. கை காட்ட மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று. அவருக்கு அது போதும். எல்லாம் சரியாகிவிடும்.

ஒரியெத்தா

—

அகோர்தோ,
17 பெப்ரவரி

அக்கா,

கை காட்டினேன்.

இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை, கடைக்குப் போகும் கூடை சைக்கிளைத் தவிர. அதனால் விளக்கமாக எழுதுகிறேன். ரெமோவுக்கு விளக்கம் தேவையில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும்.

முன்னால் போகிறவன் காற்றை உடைப்பான். பின்னால் வருகிறவன் அவன் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி வருவான். பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவனுடைய முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் இருப்பவன்தான் அவனுக்குக் கண். குழி வந்தால் விரலால் காட்டவேண்டும். கம்பமோ நிற்கிற வண்டியோ வந்தால், உள்ளங்கையை விரித்து இடுப்புக்குப் பின்னால் வீசிக் காட்டவேண்டும், ஒதுங்கு என்று. இதற்கு யாரும் சட்டம் எழுதவில்லை. காட்டாதவனோடு யாரும் ஓட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பனிமூட்டம். சைக்கிள் கிளப்பின் மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும், வழக்கம்போல ஊர்ப்பலகைக்குப் போட்டி. முதலில் பலகையைத் தாண்டுகிறவனுக்கு ஆத்திலியோவின் பாரில் மற்றவர்கள் வெள்ளை வைன் வாங்கித் தரவேண்டும். நான் முன்னால், அவன் என் சக்கரத்தில். பாலத்துக்கு முன்னால், கார் நுழையாமல் இருக்கப் பாதை நடுவில் நட்டுவைத்த இரும்புக் கம்பம் உனக்குத் தெரியும். இடது பக்கம் ஒதுங்கினேன். வலது கையை இறக்கி வீசினேன். கத்தவும் கத்தினேன். அடுத்து நான் கேட்டது அந்தச் சத்தம்தான்.

இன்னொன்று ஞாபகப்படுத்துகிறேன். அதே வருடம், ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு. அன்றைக்கு ரெமோ முன்னால், நான் பின்னால். பலகை நெருங்கும்போது இல்லாத குழிக்குக் கை காட்டினான். நான் பிரேக் பிடித்தேன். அவன் பறந்துவிட்டான். பாரில் எல்லோரும் கைதட்டினார்கள். "பலே கில்லாடி"ன்னு ஆத்திலியோ முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன். அதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீயே யோசி.

ஏன் ஊரை விட்டுப் போனேன் என்பதையும் சொல்கிறேன். அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் கை காட்டவில்லை என்று சொன்னான். பாரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், இல்லாவிட்டால் ஒரு அறை கொடுத்திருப்பேன். ஜனவரியில் ஒரு ஞாயிறு, எப்போதும்போல கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே கூடினோம். எப்போதும்போல நான் முன்னால். கொஞ்ச தூரம் போனதும் முதுகு குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பத்து சைக்கிள் நீளத்துக்கு இடைவெளி விட்டு வருகிறார்கள். எதிர்க்காற்று, அக்கா. அந்தக் காற்றில் ஒருத்தனும் என் பின்னால் ஒண்டவில்லை. காற்றையே தின்றுகொண்டு வந்தார்கள்.

இருபது வருடம் அந்தக் கரையில் அவர்களுக்குக் காற்றை உடைத்தவன் நான். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். இவானோ பின்னால் போனால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். இப்போது அதையும் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும் என்கிறாய்.

மிலேனாவிடம் சொல், அவள் கல்யாணத்துக்கு ஊர் தேவாலயத்தின் படியில் தலை நிமிர்ந்து நிற்கத்தான் ஆசை. இல்லாவிட்டால் வேண்டாம்.

இவானோ

—

மொலினெத்தோ,
3 மார்ச்

இவானோ,

நீ கை காட்டினாய். எனக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு எழுந்து நடக்காதே, உட்கார். அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "கையக் காட்டினான் ஒரியெத்தா. ஈஸ்டர்ல நான் பண்ணுன மாதிரி அவனும் என்னை ஏமாத்துறான்னு நெனச்சேன். வலது பக்கமா புகுந்துட்டேன்." அவ்வளவுதான். தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். அவர் நினைத்தார்.

மூன்று நாள் கழித்துக் கண் திறந்து பேசியபோது வேறு கதை சொன்னார். நான் மறுக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், இவானோ. நீ பார்க்கவில்லை. தன்னுடைய ஒரு குறும்புக்காக இரண்டு காலையும் கொடுத்தவன் எப்படி உயிரோடு இருப்பான்? யாரோ செய்தது என்றால் இருப்பான். அந்த யாரோ நீயாக ஆகிவிட்டாய். முதலில் வாய்தவறி, அப்புறம் வசதியாக, இப்போது அவரே நம்புகிறார் என்று நினைக்கிறேன். நம்புகிறாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அப்படியானால் ஏன் ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பாய். கேள். நீ மலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். அவரைத் தூக்கிக் குளிக்க வைப்பது நான். பள்ளிக்கூடச் சமையலறையில் எண்ணூறு பிள்ளைகளுக்குக் கிளறிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒருத்தருக்கு ஊட்டவேண்டும். போன வாரம் பொலெந்தாக் கூழ்த் தட்டைச் சுவரில் எறிந்தார். மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அதைத் துடைத்துக்கொண்டே உன்னைத்தான் திட்டினேன், அவரை அல்ல. உனக்குக் கால் இருக்கிறது என்பதற்காகத் திட்டினேன்.

இப்போது கால்வாயில் தண்ணீரை வடித்துவிட்டார்கள், வருடா வருடம் செய்கிற சுத்தம். அடியில் சேறு நாறுகிறது. ஒரு குப்பை வண்டி, இரண்டு நாற்காலி, யாரோ எறிந்த அடுப்பு. கொக்குகள் வந்து மீன் பொறுக்குகின்றன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாம் வெளிய தெரியுது பாரு." நான் திரையை இழுத்துவிட்டேன்.

கம்பத்துக்கு இப்போது சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ரொம்ப அழகாக இருக்கிறது.

நான் உண்மையைக் கேட்கவில்லை, தம்பி. அது என்னிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோறுகூடப் பொங்க முடியவில்லை. ஒரு பொய் கேட்கிறேன். அவருக்கு மட்டும். அதைப் படித்தால் கோபம் இறங்கும், கோபம் இறங்கினால் கை வேலை செய்யும் என்று அந்தப் பயிற்சிப் பெண்ணே சொல்கிறாள். வேறு யாருக்கும் காட்டமாட்டார். அப்புறம் நீ கல்யாணத்துக்கு வரலாம். மன்னிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் மனிதர்கள் பெரிய மனசாகிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

மிலேனாவுக்கு எதுவும் தெரியாது. அப்பாவைத்தான் நம்புகிறாள், இருந்தும் உன்னைக் கேட்கிறாள். "மாமா வேணும்னே செஞ்சிருக்க மாட்டாரு அம்மா, மறந்திருப்பாரு" என்கிறாள்.

ஒரியெத்தா

—

அகோர்தோ,
9 மார்ச்

தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வருடமாகத் தெரியும்.

நான் பெட்டி கட்டும்போது நீ வாசலில் நின்றுகொண்டு, "போ, போ, ஓடுறவனுக்கு வழி சொல்லணுமா" என்றாய். அப்போதும் தெரியும்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எழுதினால் அம்மாவின் பெயரையும் இழுப்பேன்.

இ.

—

அகோர்தோ,
28 மார்ச்

அக்கா,

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ கேட்டது. மூன்று தடவை கிழித்தேன். நான்காவது தடவை கிழிக்கத் தெம்பில்லை.

"ரெமோ, அன்றைக்குப் பாலத்துக்கு முன்னால் நான் கை காட்டவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு. இவானோ." இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இதைவிட நன்றாகப் பொய் சொல்ல எனக்கு வராது. அதை அவனிடம் கற்றிருக்கலாம்.

எதற்காக எழுதினேன் என்று நீ நினைத்துக்கொள்ளப் போகிறாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உனக்காக இல்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஜென்மத்துக்குப் போதும். அவனுக்காகக் கொஞ்சம். கம்பத்தில் மோதின சத்தத்தைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். மிலேனாவுக்காக மீதி.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஏறுகிறேன். மேலே இன்னும் பனி உருகவில்லை, பாதையோரம் குவித்து வைத்திருக்கிறார்கள். இறக்கத்தில் பனி பிளந்த குழிகள் நிறைய. ஒவ்வொரு குழிக்கும் கை போய்விடுகிறது. பின்னால் ஒருத்தனும் இல்லை. ஒரு நாள் எதிரே வந்த கிழவி, தனக்குத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தாள். கல்யாணம் ஆகாத கிறுக்கன் என்று ஊரில் சொல்லியிருப்பாள்.

இரண்டு நிபந்தனை. அவன் மட்டும் படிக்கவேண்டும். படித்ததும் அடுப்பில் போடு.

ஜூனுக்கு லீவு கேட்டுவிட்டேன். கறுப்புக் கோட்டு ஒன்றும் தைக்கக் கொடுத்திருக்கிறேன். தொப்பை கொஞ்சம் போட்டுவிட்டது, தையல்காரன் சிரித்தான்.

இவானோ

—

மொலினெத்தோ,
2 மே

இவானோ,

எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதக் கூசியது.

நல்லதை முதலில் சொல்கிறேன். அவர் படித்தார். ரொம்ப நேரம் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அழுதார், ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்து சூப் கேட்டார். மறுநாள் காலையில் பயிற்சிப் பெண் வருவதற்கு முன்னாலேயே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது எடை தூக்குகிறார், சக்கர நாற்காலியில் தானே கரைவரைக்கும் போகிறார். கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறதாம், கிளப்பில் எல்லோரும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நீ செய்தது.

இனி மற்றது.

தாளை நான் அடுப்பில் போடவில்லை. கேட்டேன், கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆத்திலியோவின் பாருக்கு எடுத்துப் போனார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாதவர். ஆத்திலியோ சத்தமாகப் படித்தானாம். "நாங்க அன்னிக்கே சொன்னோம்ல"ன்னு ஆளாளுக்குச் சொன்னார்களாம். கோப்பைகள் இருக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். உன் கையெழுத்து இன்னும் சின்னப் பிள்ளை எழுத்துத்தான்.

தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, தலை சீவி, வாசலைத் தாண்டிப் போனபோது நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் உண்மை. வேண்டுமானால் காறித் துப்பு.

மன்னிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் பெரிய மனசு வரும் என்று எழுதினேனே, அதுவும் தப்பாகிவிட்டது. "அவனே ஒத்துக்கிட்டான். என் காலை எடுத்தவன் என் பொண்ணு கல்யாணத்துல கோட்டு போட்டுட்டு நிப்பானா?" என்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முன்பெல்லாம் முகத்தைத் திருப்புவார், அவ்வளவுதான். இப்போது கையில் சாட்சி இருக்கிறது.

மிலேனாவும் பாரில் அதைப் படித்திருக்கிறாள். பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற வரியை. "ஒரு கிளாஸ் வைனுக்காகவா அம்மா?" என்று கேட்டாள். அப்புறம் உன் பேச்சையே எடுக்கவில்லை.

வராதே, தம்பி. கோட்டு வீணாகப் போகாது, ஏதாவது நல்லதுக்கு ஆகும்.

ஒரியெத்தா

—

அகோர்தோ,
15 மே

அக்கா,

லீவை ரத்து செய்துவிட்டேன். கோட்டு அலமாரியில் தொங்குகிறது.

மிலேனாவுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மலைக்காரர்கள் செதுக்கின மரக் கிண்ணங்கள், ஆறு. என் பெயர் போடவில்லை. வேறு யாரோ தூரத்துச் சொந்தம் அனுப்பியது என்று சொல்லிக்கொள், அதில் உனக்குத் தேர்ச்சி இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதுவரை நீ கேட்டாய், நான் கொடுத்தேன். ஊர் எதை வேண்டுமானாலும் நம்பட்டும். பாரில் அந்தத் தாளின்மேல் வைன் சிந்தி நாறடிக்கட்டும். மிலேனாவிடம் மட்டும் சொல். ஒரே ஒருத்திக்கு. கல்யாணம் முடிந்த பிறகு சொல், அப்பாவுக்குத் தெரியாமல் சொல், எப்படி வேண்டுமானாலும் சொல். ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதை அப்படியே சொல்லிவிடு. அவள் வாயை மூடிக்கொள்வாள், உன் மகள்தானே.

என் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று அந்த ஊரில் ஒருத்தியாவது நினைத்துக்கொண்டிருக்கட்டும். அவ்வளவு போதும் எனக்கு.

பதில் எழுது.

இவானோ

—

மொலினெத்தோ,
11 ஜூலை

இவானோ,

கல்யாணம் நன்றாக நடந்தது. மழை வரும் என்றார்கள், வரவில்லை. குங்குமப்பூ போட்ட ரிசோத்தோச் சோறு நானே கிளறினேன், அடிப்பிடிக்கவில்லை. உன் இடத்தில் ஆத்திலியோ நின்றான். நிற்கிறபோதே கொட்டாவி விட்டான். கிண்ணங்கள் மிலேனாவுக்குப் பிடித்திருக்கின்றன. யார் அனுப்பியது என்று கேட்டாள். சொந்தக்காரர் என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. புது சைக்கிளில் ரெமோ முதல் முறையாகக் கரைக்கு வந்தார். தரையோடு தரையாக, படுத்த மாதிரி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சுற்றவேண்டும். மணிக்கூண்டுக்குக் கீழே எல்லோரும் கூடியிருந்தார்கள். அவரை முன்னால் விட்டார்கள். மிலேனா அவருக்கு நேர் பின்னால், மாப்பிள்ளை அவள் பக்கத்தில், அப்புறம் கிளப் ஆட்கள். கடைசியில் நான், என் கூடை சைக்கிளில். நீ கிண்டல் செய்வாயே, அதில்தான்.

கால்வாய் நிறையத் தண்ணீர். வயல்களில் நெற்பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது, தவளைச் சத்தம் காதைப் பிளக்கிறது. அவர் கழுத்து நனைந்து மின்னியது. நான் இந்த ஒன்றரை வருடத்தில் அவரை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. அதை உன்னிடம் மறைக்க மனசில்லை.

பாலம் வந்தது. கம்பம் நல்ல வெயிலில், சிவப்பும் வெள்ளையுமாக, குருடனுக்கும் தெரிகிற மாதிரி நின்றது. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து, பின்னால் வீசிக் காட்டினார். நீ எழுதியிருந்தாயே, அப்படியே. எல்லோரும் வரிசையாக ஒதுங்கினார்கள். ஒருவர் விடாமல் கையை வீசிக் காட்டிக்கொண்டே வந்தார்கள், எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தும் நானும் காட்டினேன்.

பாலத்தைத் தாண்டியதும் மிலேனா கத்தினாள்: "சூப்பரா காட்டுறப்பா!"

அவர் திரும்பாமலே சொன்னார்: "பின்ன? நம்ம குடும்பத்துல ஒருத்தராவது காட்டணும்ல."

கிளப் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான், முதல் முறையாக எங்களில் ஒருவன் ஆகிவிட்ட மாதிரி. மிலேனா சிரித்தாள். அப்போது ரெமோ தலையைத் திருப்பி, அத்தனை பேரையும் தாண்டி, கடைசியில் வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். நம்புகிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருந்தேன். இனிக் கேட்கத் தேவையில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் இருப்பதும் அவருக்குத் தெரியும். நான் என்ன செய்வேன் என்றுதான் பார்த்தார்.

மிலேனாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

நானும் சிரித்தேன், இவானோ. இதை வேறு யாரும் உனக்கு எழுதமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

ஒரியெத்தா